சத்தம் போடாத முதல் அடி

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. வங்கிப் புத்தகத்திலும் மின்சார ரசீதிலும் அது பத்திரமாக இருக்கிறது. மற்றபடி வாத்தியக்காரர்கள் நடுவில் அவர் 'எல்லாம்' அண்ணன்தான். "உங்களுக்கு எந்த மாதிரிப் பாட்டு பிடிக்கும்?" என்று யார் கேட்டாலும் "எல்லாம்தான்" என்று சொல்லிச் சொல்லி, அந்தப் பதிலே பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது. அவரும் அதற்காக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை.

டிரம்ஸ் வாசித்துப் பிழைக்கிறவர் இப்படிச் சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். மடக்கிப் பார்ப்பார்கள்.

"லிஃப்ட்ல போடுறானே, அந்தப் பாட்டு கூடவா அண்ணே?"

"அதுல குச்சிக்குப் பதிலா கம்பி பிரஷ்ஷால டிரம்ஸ் வாசிச்சிருக்கான் பாரு ஒருத்தன்! மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல காதைத் தீட்டிக்கிட்டுக் கேளு. அடடா!"

"அப்ப போன்ல 'காத்திருங்கள்'னு சொல்லிட்டு ஒண்ணு ஓடுமே, அது?"

"அதுல கிட்டார் வாசிச்சது யாருன்னு நானும் ரெண்டு வருஷமா தேடிக்கிட்டிருக்கேன்."

அந்தப் போன் பாட்டைக் கேட்பதற்காகவே ஒருமுறை காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டு, மறுமுனையில் ஆள் எடுத்ததும், "அதுக்குள்ள எடுத்துட்டீங்களா? கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்களேன்" என்றாராம். இது அவர் மனைவி எல்லோரிடமும் சொல்லும் கதை. அதில் அந்த அம்மாளின் கைச்சரக்கும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம்.

மனைவிக்கு வேலை பேருந்து அலுவலகத்தில். எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த நிறுத்தத்தில் நிற்க வேண்டும் என்று அட்டவணை போடும் வேலை. ஒரு நிமிஷம் முன்னே பின்னே போனால் அவருக்குப் பொறுக்காது. ஆனால் பாட்டு என்றால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவார். இவரோ நல்ல பாட்டு ஒன்று காதில் விழுந்துவிட்டால் போதும், சட்டைக் கையைச் சுருட்டி முன்னங்கையை நீட்டிக் காட்டுவார். "பாரு, எப்படிப் புல்லரிக்குதுன்னு பாரு!"

"பார்த்தேன், பார்த்தேன். மாடு வந்து மேய்றதுக்குள்ள கையை உள்ள எடுங்க. நேரமாச்சு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்தப் பேச்சு எத்தனை தடவை நடந்திருக்கும் என்று கணக்கே இல்லை.

விடிகாலையில் எழுந்து, சாப்பாட்டு மேஜைமேல் மடித்த துண்டைப் போட்டு, அதன்மேல் ரப்பர் பலகையை வைத்து ஒரு மணி நேரம் டிரம்ஸ் குச்சியால் தட்டிப் பழகுவார். கீழ்வீட்டுக்காரர் ஒரு காலத்தில் சண்டைக்கு வந்தவர். இப்போது ஊருக்குப் போனால் அந்தத் தட்டல் இல்லாமல் விழிப்பே வரவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறார். அப்புறம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் எங்கே போவார் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் சோப்பு விளம்பரத்துக்குப் பதினாறு விநாடி வாசிப்பார். மறுநாள் பள்ளிக்கூடத்துப் பித்தளை வாத்தியக் குழுவோடு மைதானத்தைச் சுற்றி நடப்பார். ஓட்டல் முகப்பறையில் யாரும் காது கொடுக்காத பியானோவுக்குப் பின்னால் உட்கார்ந்து, அந்தப் பியானோக்காரர் ஒருவருக்காக மட்டும் உயிரைக் கொடுத்து வாசிப்பார். கல்லூரிப் பிள்ளைகள் தலைமுடியை ஆட்டிக்கொண்டு காது கிழியப் பாடும் இடத்திலும் இருப்பார். அங்கிருந்து வெளியே வரும்போது, "அந்தப் பொண்ணு கத்தினா பாருங்க, அதுக்குள்ள ஒரு அழுகை இருந்துது" என்பார். வாரத்தில் மூன்று நாள் மத்தியானம் நடன வகுப்பில் வாசிப்பார். எந்த இடத்துக்குப் போனாலும், அங்கே நடப்பதை வேறெங்கும் கேட்டுவிட முடியாது என்பது போலத்தான் முதுகை நிமிர்த்தி உட்காருவார்.

இத்தனையிலும் அவர் மடியில் கட்டி வைத்திருந்த பாட்டு ஒன்று உண்டு.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய சாமான் கடையில் ஒரு சிடி பிளேயர் வாங்கினார். வீட்டுக்கு வந்து திறந்தால் உள்ளே யாரோ மறந்து விட்ட இசைத்தட்டு ஒன்று கிடந்தது. பெயரும் இல்லை, ஊரும் இல்லை. போட்டுப் பார்த்தார். நான்கு பெண்கள் கைதட்டிக்கொண்டு பாடினார்கள். வாத்தியம் எதுவும் இல்லை. மொழி ஒரு சொல்லும் புரியவில்லை. பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோய்விட்டது, இவர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கைத்தட்டல் மண்ணில் ஊன்றி நிற்க, குரல்கள் மட்டும் அதற்குக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே, தரையில் படாமலே மிதந்தன. மனிதக் குரல் அப்படி அந்தரத்தில் நிற்கும் என்று அவர் அதுவரை நினைத்ததே இல்லை. வேலை கிடைக்காத நாட்களிலும், மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களிலும் அவரைத் தாங்கிப் பிடித்தது அந்தப் பாட்டுதான். அதற்கு டிரம்ஸ் வாசித்தால் எப்படி வாசிக்கலாம் என்று மனசுக்குள்ளேயே கட்டி, இடித்து, மறுபடி கட்டி வைத்திருந்தார். வீட்டில் அது ஒலிக்கத் தொடங்கினால் மனைவி சமையலறையிலிருந்து கேட்பார்: "உங்க நாலு பேரும் வந்துட்டாங்களா? அப்ப இன்னும் அரை மணிக்கு நீங்க இந்த வீட்ல இல்ல."

ரொம்பப் பிற்பாடுதான், ஒலிப்பதிவு செய்கிற நண்பர் ஒருவர் துப்புத் துலக்கிச் சொன்னார்: எங்கோ கடலுக்கு நடுவில் ஒரு தீவு; ஒரே குடும்பத்துப் பெண்கள்; அம்மாக்கள் பாடியதை மகள்கள் பாடுகிறார்கள்.

போன மாதம் மைத்துனன் போன் செய்தான். மனைவியின் தம்பி. அரசாங்கக் கலையரங்கம் ஒன்றுக்கு மேலாளர்.

"மாமா, தீவுலேருந்து நாலு பொம்பளைங்க வர்றாங்க. கைதட்டிப் பாடுறவங்க. இந்த ஊரு வாத்தியக்காரர் ஒருத்தரோட சேர்ந்து ஒரு பாட்டு இருக்கணும்னு மேலிடத்துல சொல்றாங்க. உங்களுக்கு இந்த மாதிரி எல்லாம்..." என்று இழுத்தவன் போனிலேயே அவர்கள் பாட்டில் ஒரு துண்டைப் போட்டுக் காட்டினான்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அதே பாட்டு.

"மாப்ள, இதை நான் தூக்கத்துல கூட வாசிப்பேன்டா."

இந்த ஒரு வாக்கியம்தான் பின்னால் அவரைப் படாத பாடு படுத்தியது.

நிகழ்ச்சி மாலை ஆறு மணிக்கு. ஒத்திகை காலை பத்துக்கு. ஒன்பதுக்கே போய் அவரே டிரம்ஸை மேடையில் பூட்டினார். மரத்தளம் போட்ட பெரிய மண்டபம். மெழுகு போட்டுத் துடைத்த வாசனை இன்னும் போகவில்லை. நான்கு பெண்களும் கணுக்கால் மறைய நீண்ட உடையில் வந்தார்கள். நால்வரில் மூத்தவளுக்கே இவரைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். பழைய தட்டில் பாடியது அவளுடைய அம்மாவும் சித்திகளும். கூட மொழிபெயர்ப்பாளர் ஒருவர், ஜலதோஷத்தோடு, கழுத்தில் கம்பளித் துண்டோடு. அவருக்கு மொழி தெரியும், பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது.

பாடத் தொடங்கினார்கள். ஐந்தடி தூரத்தில் அந்தக் குரல்கள்! வீட்டில் எப்போதும் செய்வது போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கைத்தட்டலோடு சேர்த்துப் பெரிய டிரம்மின் பெடலை மிதித்து, இருபத்திரண்டு வருஷமாகக் கட்டி வைத்ததை எல்லாம் வாசித்தார்.

ஒரு நிமிஷம்தான் போயிருக்கும். குரல்கள் தடுக்கின. பெண்கள் சிரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடியும் அதே இடத்தில் தடுக்கியது. மூன்றாம் முறை கடைக்குட்டி தன் வரியையே தவறவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. மூத்தவள் மொழிபெயர்ப்பாளரிடம் மெல்ல ஏதோ சொன்னாள்.

"ரொம்ப நல்லா வாசிக்கறீங்களாம்" என்றார் அவர், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ஆனா, வேற பாட்டை வாசிக்கறீங்களாம்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மைத்துனன் அவரை ஓரமாக அழைத்துப் போனான். "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. மூணு மணிக்கு இன்னொரு தடவை பார்ப்போம். அப்பவும் சரியா வரலேன்னா அவங்க மட்டும் பாடட்டும். வந்தவங்களை மேடையில வச்சுக்கிட்டு நாம பரீட்சை பண்ணிப் பார்க்க முடியாது. நாளைக்குக் காலையில விமானம் ஏறிடுவாங்க."

"சரிதான் மாப்ள" என்றார். வேறு என்ன சொல்வது? இன்று இல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை.

நடன வகுப்புக்கு நேரமாகிவிட்டது. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அந்தப் பழைய பதிவைக் கேட்டார். எந்தப் பாட்டுக்கும் முதல் அடி என்று ஒன்று உண்டு. எத்தனை சுற்றுச் சுற்றினாலும் கடைசியில் வந்து சேர்கிற வீடு அது. இந்தப் பாட்டின் முதல் அடி கைத்தட்டலில் இருந்தது. நேற்றும் அங்கேதான் இருந்தது, இன்றும் அங்கேதான் இருக்கிறது. தப்பு எங்கே என்று தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம். தப்பே தெரியவில்லை. எல்லாம் பிடிக்கும், எல்லாம் பிடிக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோமே. ஒருவேளை எல்லா வீட்டையும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்ததோடு சரியோ? ஒரு வீட்டுக்குள்ளாவது கால் வைத்திருக்கிறோமா? இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. ஒரு நிறுத்தம் திரும்பி நடந்தார்.

நடன வகுப்பில் பன்னிரண்டு பேர். எல்லோரும் அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தைத் திருடிக்கொண்டு ஓடி வருகிறவர்கள். கண்ணாடி பதித்த சுவர், வியர்வை வாசனை, மூலையில் இவரும் ஒற்றை டிரம்மும். இங்கே வாசிப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். தன் கையையும் பார்ப்பதில்லை, ஆடுகிறவர்களின் முகத்தையும் பார்ப்பதில்லை. காலைத்தான் பார்ப்பார். கால் எங்கே ஊன்றுகிறதோ அங்கேதான் அடி. ஒருவர் களைத்துப்போய் அரை இமைப்பொழுது தாமதமாகக் காலை வைத்தாலும், அதற்குத் தகுந்தாற்போல் அவர் கை இறங்கும். அதனால்தான் நடன ஆசிரியை இவரை விட்டு வேறு ஆளைக் கூப்பிடுவதில்லை.

அன்றைக்கு மனசு நிலைகொள்ளவில்லை. கை அது பாட்டுக்குத் தட்ட, கண் ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது. ஆடிக்கொண்டிருந்த பன்னிரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள்.

"சார்!" ஆசிரியை கைதட்டி நிறுத்தினார். "எங்க பார்த்துக்கிட்டிருக்கீங்க? கால் இங்க இருக்கு!"

அவர் சட்டென்று கீழே பார்த்தார்.

கால்! அந்த நான்கு பேருக்கும் சேர்த்து எட்டுக் கால்கள். காலையில் அந்த எட்டையும் அவர் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உருகிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷமாகக் காதால் மட்டும் கேட்ட பாட்டு. சத்தம் போடாதது எதுவும் அந்தத் தட்டில் பதிவாகியிருக்காது. பிழைப்புக்காகப் போகிற இடத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தவன், உயிராக நினைத்த பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேனே! எழுந்து ஓடலாமா என்றிருந்தது. வகுப்பு முடிய இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, பன்னிரண்டு பேரின் காலையும் கண்ணில் வாங்கி, ஒரு அடி பிசகாமல் வாசித்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

இரண்டரை மணிக்கு அரங்கத்தின் பின்னறைக் கதவைத் தட்டினார். நான்கு பெண்களும் மாலைக்கான உடைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டு உடையில், வெறுங்காலோடு. மூத்தவள் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தபடி அதே பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். துணி மடித்துக்கொண்டிருந்த கடைக்குட்டி இடையிடையே கைதட்டினாள். மொழிபெயர்ப்பாளர் மூலையில் ஆவி பிடித்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துட்டுப் போறேன்னு சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டு அவர் வாசலோரம் தரையிலேயே உட்கார்ந்தார்.

கால்களைப் பார்த்தார். உடல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. கை தட்டியது, கால் மேலே இருந்தது. கை ஓய்ந்தது, கால் கீழே வந்தது. சத்தமே இல்லாமல், பூனை வைப்பது போலக் குதிகால் தரையில் இறங்கியது. மறுபடி தட்டல், மறுபடி அந்த வெற்றிடம், வெற்றிடத்தில் கால். நான்கு பேருக்கும் அப்படியே. அவர் ஒன்றும் இல்லை என்று இத்தனை வருஷமாக விட்டுவைத்திருந்த இடத்தில்தான் அவர்கள் நான்கு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

முதலில் காது ஒத்துழைக்கவில்லை. பழைய இடத்துக்கே இழுத்துப் போயிற்று. காதை விட்டுவிட்டுக் கண்ணால் மட்டும் கேட்கிற மாதிரி அந்தக் குதிகால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று பாட்டு புரண்டது. ஒரு சொல் மாறவில்லை, ஒரு தட்டல் மாறவில்லை. ஆனால் அந்தரத்தில் மிதந்த குரல்கள் எல்லாம் தரையில் நின்றன. அவை எப்போதும் தரையில்தான் நின்றிருக்கின்றன. மிதந்துகொண்டிருந்தது கைத்தட்டல். சட்டையை இருபத்திரண்டு வருஷம் உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு, என்ன அழகான தையல் என்று மெச்சிக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவமானத்தால் இல்லை. ஒரே பாட்டுக்குள் இவ்வளவு பெரிய இன்னொரு பாட்டு இருந்திருக்கிறதே, பக்கத்திலேயே இருந்தும் தெரியவில்லையே என்கிற மலைப்பு.

தன்னை மறந்து, கால் இறங்குகிற இடத்தில் கதவு நிலையை விரலால் தட்டினார். மூத்தவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். முகத்தில் முதல் முறையாக ஒரு வெளிச்சம். ஆனால் தலையைப் பக்கவாட்டில் அசைத்தாள்.

"இப்ப சரியா கேட்டுட்டீங்களாம்" என்றார் மொழிபெயர்ப்பாளர், போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி. "ஆனா அந்த எடத்துல தட்டாதீங்கன்னு சொல்றாங்க. அது காலோடதாம்."

"காலு சத்தமே போடலையே?"

அவள் சிரித்துவிட்டு நீளமாகப் பதில் சொன்னாள்.

"அவங்க ஊர்ல தரை பூரா மணலாம். வெறுங்காலு எறங்கினா சத்தம் வராதாம். சத்தம் வரலேன்னா அது இல்லேன்னு ஆயிடுமான்னு கேக்கறாங்க."

முதல் அடி எங்கே என்று ஊருக்குச் சொல்வதுதான் டிரம்ஸ்காரன் வேலை. முப்பது வருஷமாக அவர் வலது கால் அதைத்தான் செய்துவந்தது. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாசி, அதை மட்டும் தொடாதே என்கிறார்கள்! மூன்று மணி ஒத்திகைக்கு அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வலது காலைப் பெடலிலிருந்தே எடுத்துத் தள்ளி வைத்தார். பிரஷ்ஷை எடுத்து, கண்ணை அகல விரித்து, எட்டுக் கால்களையும் பார்த்துக்கொண்டே அந்த ஒரு இடத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்தார். பாட்டு தடுக்காமல் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. கடைக்குட்டி கூவியே விட்டாள்.

"என்ன மாமா, அதுக்குள்ள என்ன பண்ணீங்க?" என்றான் மைத்துனன், நம்ப முடியாமல்.

"போய் அவங்க கால்ல விழுந்தேன் மாப்ள" என்றார்.

ஆறு மணிக்கு மண்டபத்தில் முந்நூறு பேர். மனைவி அலுவலகத்திலிருந்து நேராக வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் நான்கு பாட்டுகளைத் தனியாகப் பாடிவிட்டு ஐந்தாவதுக்கு இவரை அழைத்தார்கள். வெறுங்காலோடு போய் உட்கார்ந்தார். ஆரம்பம் அப்படியே ஒத்திகை போல அமைந்தது. பின்னிய கூந்தல் போலக் குரல்களும் தட்டலும் பிரஷ்ஷும் ஒன்றுக்குள் ஒன்று போய் வந்தன. இதற்காகத்தான் பிறந்தேனோ என்று அவருக்குத் தோன்றியது.

அப்போது கூட்டம் கைதட்டத் தொடங்கியது.

பாவம், அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. பெண்கள் தட்டுகிற இடத்திலேயே தட்டினார்கள். ஆனால் அதுதான் முதல் அடி என்று நினைத்துக்கொண்டு, ஓங்கி, ஊன்றி, அடித்து நொறுக்கினார்கள். காலையில் அவர் இருந்த இடத்தில் இப்போது முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தட்டலின் வேகமும் ஏறியது. அவர் காதுக்குள் பாட்டு மெல்லப் பழையபடி புரளத் தொடங்கியது. கால்களைப் பார்க்கலாம் என்றால், மேடை விளக்கு நேராக அவர் கண்ணில் அடித்தது. நீண்ட உடையின் விளிம்புக்குக் கீழே இருட்டுதான் தெரிந்தது. பிரஷ் ஒரு இடத்தில் சறுக்கியது. கடைக்குட்டி பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள். இன்னும் இரண்டு சுற்று, அவ்வளவுதான். காலையில் கவிழ்ந்தது போல இப்போது எல்லோர் முன்னாலும் கவிழப்போகிறது.

அவர் நினைத்துச் செய்யவில்லை. வலது கால் தானாக எழும்பி மேடைப் பலகையில் இறங்கியது.

தொம்.

உள்ளே வெற்றிடமான மரமேடை. சத்தம் பெரிதாகவே கேட்டது. தொடாதே என்று சொன்ன ஒரே இடத்தைத் தொட்டாகிவிட்டது. நிறுத்தினால் பாட்டு விழுந்துவிடும், நிறுத்தாவிட்டால் அவர்களுக்குக் கொடுத்த வார்த்தை போயிற்று. அடுத்த சுற்றிலும் கால் இறங்கியது. தொம். மூத்தவளின் முதுகு விறைத்தது அவருக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது. இத்தனை வருஷம் காத்திருந்து, கடைசியில் காலால் உதைத்துக் கெடுத்துவிட்டேனே என்று அவருக்கு நெஞ்சு வெந்தது. காலோ நிற்கவில்லை.

முன் வரிசையில் யாரோ ஒருவரின் காலணி மரத்தளத்தில் இறங்கியது. பக்கத்தில் இன்னொன்று. வரிசை வரிசையாக அது பின்னால் பரவியது. கைகள் தட்டலை விடவில்லை. கால்கள் மட்டும் தங்களுக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது போல அந்த வெற்றிடத்தில் வந்து நின்றன. ஓடிக்கொண்டிருந்த வேகம் அடங்கியது. முந்நூறு பேரின் கை மேலே, முந்நூறு பேரின் கால் கீழே. மண்டபத்தின் தரை முழுவதும் ஒரே குரலில் பேசியது. அவருக்கு நாற்காலியின் வழியாக முதுகெலும்பில் அது ஏறியது. இப்படி ஒன்றை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை.

மூத்தவள் பாடுவதை நிறுத்திவிட்டாள். மற்ற மூவரும் தட்டிக்கொண்டே அவளைப் பார்த்தார்கள். அவள் அவரையும் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்தபடி, வாய் திறந்தது திறந்தபடியே நின்றாள். அவர் காலை நிறுத்தப் போனார். அவள் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தாள். நிறுத்தாதே என்று அர்த்தம். பிறகு உடையின் விளிம்பைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலை ஓங்கிப் பலகையில் வைத்தாள். பாட்டை முதல் வரியிலிருந்து மறுபடி எடுத்தாள்.

அது எவ்வளவு நேரம் நடந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. நிமிஷக் கணக்கில் வேலை பார்க்கும் மனைவிக்கே தெரியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அவர் பிரஷ்ஷைக்கூட எடுத்து வைக்காமல் மேடை விளிம்பில் உட்கார்ந்திருந்தார். மூத்தவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான்கு வெறுங்கால்கள் விளிம்பிலிருந்து தொங்கின. அவர் மொழிபெயர்ப்பாளரைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"தட்டாதேன்னு சொன்ன எடத்துல தட்டிட்டேன். மன்னிச்சுக்கச் சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. காலியான மண்டபத்தின் தரையையே பார்த்துக்கொண்டு மெல்ல, விட்டுவிட்டுப் பேசினாள். மொழிபெயர்ப்பாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். இந்த முறை அது ஜலதோஷத்தால் இல்லை.

"அவங்க வீட்ல எத்தனையோ தலைமுறையா இதைப் பாடுறாங்களாம். அங்க முதல் அடி இருக்குன்னு எல்லாருக்கும் தெரியுமாம். ஆனா ஒருத்தரும் அதைக் காதால கேட்டதே இல்லையாம். அவங்க அம்மாவும் கேக்காமத்தான் போனாங்களாம்." கொஞ்சம் நிறுத்தினார். "அதோட சத்தம் இப்படித்தான் இருக்குமான்னு உங்களைக் கேக்கறாங்க. நீங்கதான் எல்லாப் பாட்டும் தெரிஞ்சவராமே."

அவர் அவளைப் பார்த்தார்.

"எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும்னு சொல்லுங்க" என்றார்.